குழாய் வழியாக வந்தவள்

அண்ணன் வயர்லெஸ்ஸில் பாடப்போகிறார் என்ற செய்தி வந்த அன்று, அவர் என்னவோ கவர்னருக்கே சம்பந்தியாகிவிட்ட மாதிரி ரங்கூன் தாமுவேயில் எங்கள் வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் வந்து நின்றது. வயர்லெஸ் என்றால் என்னவென்று அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரியாததனால்தான் அவ்வளவு மரியாதை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை; அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்பதால் வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம்.

அண்ணன் பகலில் ரயில்வே பட்டறையில் இரும்படிப்பவர். சாயங்காலம் ஆகிவிட்டால் உடுக்கையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். கூட அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவர் பம்பை அடிப்பார், இன்னொருவர் கைச்சிலம்பு. மூன்று பேருக்கும் மீசை சரியாக முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ரங்கூன் கோயில்களில் நல்ல பேர் எடுத்துவிட்டார்கள். ஆடி மாதம் வந்தால் மிங்கலாடோன் பக்கத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் போவார்கள். பழைய செட்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. எங்களுக்கு அது தேனாக இனித்தது, பொய் சொல்வானேன்.

அவர்கள் செட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அம்மன் வர்ணிப்பு. அம்மனைக் காலிலிருந்து தலைவரை ஒவ்வொன்றாக வர்ணித்துக்கொண்டே போவார்கள். கொலுசு, சேலை, கழுத்துப் பதக்கம், கண் மை என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் பம்பை ஒரு மாதிரி மாறும். அதுதான் அழைப்பு. அழைத்தால் யார் மேலாவது சாமி வரும். வந்த சாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, சூடம் ஏற்றி, பாட்டாலேயே அவளை மலையேற்றி அனுப்பிவைக்க வேண்டும். யார் அழைத்தாரோ அவரேதான் அனுப்பவும் வேண்டும். அழைத்துவிட்டு அனுப்பாமல் விட்டவர் கிடையாது. அப்படி விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதும் கிடையாது, ஏனென்றால் யாரும் விட்டதில்லை.

வருஷா வருஷம் ஆடியில் சாமி வந்தது என் அண்ணிமேல்தான். அண்ணி வாயில்லாப்பூச்சி. நான் நாலு வார்த்தை அதிகம் பேசினால் அவள் நாலு வார்த்தை குறைத்துப் பேசுவாள். ஆனால் அண்ணன் உடுக்கையைத் தொட்டு அழைத்தால் அவள் ஆளே வேறு. அந்த வருஷம் மட்டும் அவளைக் கோயில் பக்கமே விடவில்லை. இதற்கு முன்னால் இரண்டு தரம் தரித்து இரண்டு தரமும் கலைந்துபோன வயிறு அது. மூன்றாவது எப்படியோ தங்கி, எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

கோயில் பூசாரி ஆரம்பத்திலேயே அண்ணனைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருந்தார். "புள்ளத்தாச்சி மேல ஆத்தா எறங்கக் கூடாதுப்பா. அந்த ஒடம்புல ரெண்டு உசுருக்குத்தான் எடம். மூணாவதா ஒருத்தி வந்தா, ஒருத்தரு வெளிய போவணும்."

அண்ணன் அன்றைக்கே உடுக்கையைக் கொண்டுபோய்ப் பம்பைக்காரர் வீட்டில் வைத்துவிட்டார். பாட்டுப் பழகுவதெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஆடித் திருவிழா அன்று அண்ணியை வெகு தூரத்தில் ஒரு தோழி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று எங்கள் சனத்தில் சொல்வார்கள். ஏழில் பிறந்தாலும் பிழைக்குமாம், எட்டில் பிறந்தால் பிழைக்காதாம். அந்த மாதத்தைக் கடத்திவிட்டால் போதும் என்று வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வயர்லெஸ் வந்தது. டவுன் நடுவே கியாக்டடாவில் ஒரு கட்டிடத்து மாடியில் வெள்ளைக்காரர்களும் சில பெரிய இடத்து மனிதர்களும் ஆசைக்காக நடத்திய வயர்லெஸ் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிறு சாயங்காலங்களில் புதிதாகப் பேர் எடுத்துவரும் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பாட வைப்பார்கள். ஒரு வாரம் பர்மிய மூங்கில் வாத்தியம், ஒரு வாரம் கரேன் இனத்துப் பெண்கள், ஒரு வாரம் மவுத் ஆர்கன் ஊதும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பையன்கள். அங்கே குமாஸ்தாவாக இருந்த வேதக்காரத் தமிழர் ஒருவர் ஏதோ கல்யாணத்தில் அண்ணன் பாடக் கேட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம செட்டு" என்று முடிவு செய்துவிட்டார்.

"அம்மன் பாட்டு வேணாம்ணே," என்றேன் நான்.

"எனக்குத் தெரியாதா? கும்மி ஒண்ணு, கப்பல் பாட்டு ஒண்ணு. அவ்வளவுதான். அவளும் உக்காந்து நிம்மதியா கேக்கட்டும்," என்றார் அண்ணன். அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. அவள் அண்ணன் பாட்டைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

தாமுவே சந்தை ஓரத்தில் கிராமபோன் ரிப்பேர் செய்யும் பர்மியர் ஒருவர் வயர்லெஸ் பெட்டி வாங்கி வைத்திருந்தார். கடையை நடத்தியது அவர் சம்சாரம்தான். பர்மியர் அக்காவைக் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை மமா என்போம். தமிழ் அரைகுறையாகப் பேசுவார், மனசு முழுசு. அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. மமா அண்ணியைப் பெஞ்சில் உட்காரவைத்து, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிவிட்டு, கால் வைத்துக்கொள்ளப் பலகை போட்டார். மரப்பெட்டி ஒன்று, அதன்மேல் ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த கறுப்புக் குழாய் ஒன்று. தெருவே அதன் முன்னால் நின்றது.

முதலில் வெள்ளைக்காரர் ஒருவர் என்னவோ சொன்னார். பிறகு கும்மி வந்தது. அண்ணன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் மூக்கடைத்த குரல். அண்ணனைவிட ஆகிருதியான யாரோ ஒருவர் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. அண்ணி என் காதில், "அவருக்குச் சளி புடிச்சாப்புல இல்ல?" என்று சிரித்தாள். அடுத்தது, ஊரை விட்டுக் கப்பலேறி வந்த கதையைச் சொல்லும் கப்பல் பாட்டு. அதைக் கேட்டு எங்கள் தெரு ஆம்பிளைகள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்தது. நான் பாயைச் சுருட்டினேன்.

அப்போது பம்பை ஒலித்தது.

அங்கே மாடியில் என்ன நடந்தது என்பதை அண்ணன் பின்னால் ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்துப் பியானோ வாசிக்க வேண்டிய துரைசானி வந்து சேரவில்லையாம். இன்னும் கொஞ்சம் பாடுங்கள், ஜோராக ஏதாவது பாடுங்கள் என்று வெள்ளைக்காரர் கையைக் காட்டினாராம். வேறு பாட்டு கைவசம் இருந்தது. ஆனால் பம்பையோடு சேர்ந்து களைகட்டுவது வர்ணிப்புதான். அந்த அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, சன்னலை அடைத்து, ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகாதபடி செய்திருந்தார்கள். கரகம் இல்லை, வேப்பிலை இல்லை, சூடம் இல்லை, எதிரே இருந்தவர் பூட்ஸ் காலோடு இருந்தார். இங்கே எந்தச் சாமி வரும் என்று நினைத்தாராம் அண்ணன். பெட்டி வழியாகப் போவது வெறும் சத்தம்தான், பாட்டின் சக்தி கம்பளி அடித்த அறைக்குள்ளேயே நிற்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கழுத்துவரை வர்ணித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். பம்பைக்காரருக்கு வெறி ஏறி, அண்ணனைக் கேட்காமலேயே அழைப்புக்கு மாற்றிவிட்டார். பம்பை மாறினால் தொண்டையும் மாறிவிடும். அது அவர்கள் பழக்கம்.

இதொன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் அண்ணியின் கையைப் பிடித்து, "வாங்க அண்ணி, போவலாம்," என்றேன்.

"இருடீ, அவரு பாடுறாரு," என்றாள். அவள் கால் விரல்கள் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன. 

"நிறுத்துங்க! பெட்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். கடைக்காரர் எழுந்தார். மமா பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டார். பர்மியருக்கும் இது தெரியும். நாட் என்று அவர்கள் கும்பிடும் தேவதைகள் அவர்கள் பெண்கள் மேலும் இறங்கும். மேளம் பாதியில் நின்றால் ஆடுகிறவளுக்கு ஆபத்து.

"பாதி நிறுத்தாது, தங்கச்சி! வந்தாச்சு!" என்றார் மமா. உண்மைதான். அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். கொண்டை அவிழ்ந்து தலைமுடி முழங்கால்வரை விழுந்தது. எட்டு மாத வயிறோடு மூச்சு வாங்க நடப்பவள், முதுகை வில்லாக வளைத்து ஆடினாள். அவ்வளவு நேரம் நிறுத்து நிறுத்து என்று கத்திய நானே, "நிறுத்திடாதீங்க, நிறுத்திடாதீங்க," என்று குழாயைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தேன்.

குழாயில் பாட்டு நின்றுவிட்டது. அண்ணன் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் அறுந்தது. துரைசானி வந்து சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. வெள்ளைக்காரர் இரண்டு வார்த்தை பேசிச் சிரித்தார். பிறகு பியானோ.

அண்ணி ஆட்டத்தை நிறுத்திக் குழாயின் முன்னால் போய் நின்றாள். "எவன்டா என்னை அழைச்சது?" என்று கேட்டாள். அது அவள் குரல் இல்லை. தெருவில் இருந்த தமிழ்ச் சனம் மொத்தமும் கைகூப்பி நின்றது.  பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லையே. "அழைச்சிப்புட்டு எங்கடா போன? சொல்லுடா!" என்று குழாய்க்குள் குனிந்து கேட்டாள். பியானோதான் பதில் சொன்னது.

மலையேற்றுப் பாட்டு எனக்குத் தெரியும். பொம்பளை அதைப் பாடக் கூடாது என்பார்கள். கூடாது கிடக்கட்டும் என்று பாடினேன். மமா தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து குழாய்க்கு முன்னால் வைத்தார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். "நீ அழைக்கலியே பொண்ணே," என்றாள். நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

இருட்டுவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். டிராமில் பாதி, ரிக்‌ஷாவில் பாதி. கையில் அல்வாப் பொட்டலத்தோடு தெருமுனைவரை சிரித்துக்கொண்டு வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் ஓடினார். வேப்பிலை வந்தது, சூடம் வந்தது, உடுக்கையும் வந்தது. நடுத்தெருவில் நின்று பாடினார். அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாருடா?"

"நான்தான் தாயே அழைச்சேன். என் வாயாலதான் அழைச்சேன்."

"அந்தக் குரலு இது இல்ல," என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீடு வீடாக இல்லை. அண்ணி சோறு தொடவில்லை. மஞ்சள் தண்ணீரும் எலுமிச்சம்பழச் சாறும் குடிப்பாள், அவ்வளவுதான். படுக்க மாட்டாள். சாயங்காலம் ஆனால் எழுந்து மமா கடைக்கு நடப்பாள், குழாய்க்கு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், இருட்டியதும் திரும்புவாள். தடுத்தவர்கள் கையை அவள் விலக்கிய பலத்தில் ஒருவருக்குத் தோள் இறங்கிவிட்டது. வயிறு மட்டும் அவள் முன்னால் தனியாக, வேறு யாருடையதோபோல் இருந்தது. மருத்துவச்சி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அசையுது, ஆனா சோந்து போயி அசையுது," என்றாள். எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவர் மூலையில் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்த பிறகு திட்டவும் வாய் வரவில்லை.

பூசாரி வந்து பார்த்தார். அவரும் பாடினார், பலிக்கவில்லை. திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "அவ வந்த வழி வேறப்பா. வந்த வழியாத்தான் போவா," என்றார்.

வந்த வழி கியாக்டடாவில் மாடியில் இருந்தது. நான்தான் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். அந்த வேதக்காரக் குமாஸ்தா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நான் ஜெபம் பண்றவன் அம்மா. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஆனா அந்தப் பொண்ணு சாப்பிடலன்னு சொல்றீங்களே, அத நம்புறேன்," என்றார். சங்கத்தாரிடம் சாமி, பூதம் என்று ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் பாட்டு பாதியில் நின்றுவிட்டது, மிச்சத்தைப் பாட வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாவம், அவருக்கு அது பொய்யும் இல்லை. வெள்ளைக்காரர் சிரித்துவிட்டுச் சரி என்றாராம்.

அடுத்த ஞாயிறு மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்தது. இடி இடித்தால் வயர்லெஸ்ஸில் வறட்டு இரைச்சல்தான் வரும் என்று மமா புருஷன் முன்பே சொல்லியிருந்தார். அவர் பாட்டரியைக் கொண்டுபோய்ப் புதிதாகச் சார்ஜ் ஏற்றி வந்திருந்தார். தெருவில் போன வாரத்தைவிடக் கூட்டம். ஆனால் ஒரு குழந்தைகூட அழவில்லை. நான் சூடத்தட்டோடு நின்றேன். அண்ணி குழாயின் வாய்க்குள் காதை வைத்துக் குனிந்திருந்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. இடி இடித்தது. குழாய் எண்ணெயில் தண்ணீர் பட்டமாதிரி பொரிந்தது. பொரிந்துகொண்டே இருந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அந்தப் பொரிச்சலுக்குள்ளிருந்து, மூக்கடைத்த அந்தப் பெரிய குரல் வந்தது. "நான் அழைச்சேன் தாயே, நான் அழைச்சேன்," என்றது. நடுங்கியது. இரண்டு வரி கேட்டது, மூன்றாவது இடியில் போனது, நாலாவது கேட்டது. நான் சூடத்தைக் கொளுத்தினேன். "மலையேறு தாயே, மனங்குளிர்ந்து போ தாயே." அண்ணியின் முதுகு தளர்ந்தது. மமா பின்னால் நின்று தாங்கிக்கொண்டார். குழாய் இன்னும் பாடிக்கொண்டிருக்கும்போதே அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பசிக்குதுடீ," என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

விடிந்ததும் வலி எடுத்துவிட்டது. எட்டாம் மாதம் இன்னும் முடியவில்லை. குழந்தை வந்தது, பெண். நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பித்தளைத் தட்டைக் காதருகே வைத்து அடித்தாள். அசைவில்லை. கதவுக்கு வெளியே நின்ற அண்ணனைப் பார்த்து, "யோவ், கூப்பிடுய்யா! அப்பன் கொரலு வயித்துக்குள்ளயே கேட்ட கொரலு. கூப்பிட்டா வரும்!" என்று கத்தினாள்.

அண்ணன் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். உள்ளே பாயில் கிடந்த அண்ணி, முழங்கையை ஊன்றி எழுந்து, "என் தங்கமே, வாடீ, எங்கிட்ட வாடீ," என்று கூப்பிட்டாள். வாயில்லாப்பூச்சி என்று நான் கேலி செய்த பெண். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டது.

பிழைத்துக்கொண்டாள். எட்டாம் மாதச் சாஸ்திரம் எங்கள் வீட்டில் பொய்த்துப்போனது. வயர்லெஸ் சங்கத்திலிருந்து இன்னொரு தரம் ஆள் அனுப்பினார்கள், அண்ணன் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. பம்பைக்காரர் வேறு பாடகரைச் சேர்த்துக்கொண்டார். குழந்தையை அண்ணன் தோளிலேயே போட்டு வளர்த்தார். சோறு ஊட்டுவார், தலை வாருவார், மழையில் நனையாமல் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். ஒன்று மட்டும் செய்ய மாட்டார். அவளைக் கூப்பிட மாட்டார். பக்கத்தில் போய்த் தொடுவார், இல்லாவிட்டால் கை தட்டுவார். நாங்களும் அதை ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டோம்.

அவளுக்கு ஐந்தாறு வயது இருக்கும். சந்தையில் அண்ணனும் அவளும் நானுமாகப் போய்க்கொண்டிருந்தோம். எதையோ பார்த்து அவள் கையை உதறிவிட்டு ரோட்டில் இறங்கி ஓடினாள். எதிரே குதிரை மிரண்டு ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அண்ணன்தான் அவளுக்குக் கிட்டே நின்றவர். ஒரு குரல் கொடுத்தால் நின்றிருப்பாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஓடினார். அவளை வாரி எடுத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தை ஒட்டி விழுந்தார். எழுந்தபோது முழங்கால் இரண்டிலும் ரத்தம், இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு சத்தம் போட்டா நின்னுருப்பாளேண்ணே! பெத்த புள்ளைய ஒரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா கொறஞ்சா போயிடுவ?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

அண்ணன் அவளை நல்ல கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதே உள்ளங்கையால் அவள் காதைப் பொத்தினார்.

"நான் கூப்பிட்டு, அவ திரும்பிப் பாத்து, அது அவளா இல்லாமப் போச்சின்னா?" என்றார்.